மேல்மூடி ஆணி

பசை வாங்கினால் சின்னக் குப்பியாக வாங்குங்கள் ஐயா. மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய குப்பி வாங்கினால் பாதியிலேயே கல்லாகிவிடும். இதை என் தங்கை வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை யார் சொல்லியும் கேட்கிறவர் இல்லை.

பொய்ப்பல் செய்வது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மை டேங்க் செய்வேன். பொம்மை என்று நான் சொல்லலாம். நீங்கள் சொன்னால் வருத்தப்படுவேன். நிஜ வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் என்ன வருமோ, அதுதான் அது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களில் பிழை மலிந்திருக்கும். கைப்பிடி கட்டை விரல் மாதிரி தடித்திருக்கும். அதனால் தனியாக விற்கும் பாகங்களை வரவழைப்போம்: கடைந்தெடுத்த உலோகக் குழல், தாளைவிட மெல்லிய பித்தளைத் துண்டுகள். இடுக்கியால் எடுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். ஒரு தும்மல் வந்தால் ஒரு வார வேலை தரையில் கிடக்கும். நானும் மாப்பிள்ளையும் நாலு காலில் தவழ்ந்து தேடுவோம். தங்கை விழுந்து விழுந்து சிரிப்பாள். எத்தனை நல்ல நாட்கள்.

இந்த வருட டேங்க் போட்டிக்கு மாப்பிள்ளைதான் நடுவர். என் வண்டியின் மேல்மூடியில், வெளிப்பக்கம், எள்ளளவு பித்தளை ஆணி ஒன்று வைத்திருந்தேன். நிஜ வண்டியில் அதைச் செருகிவிட்டால் உள்ளேயிருக்கும் கைப்பிடி திரும்பாது. மூடி திறக்காது. மாப்பிள்ளை பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, சபை நடுவில் சிரித்தார்.

"என்ன மச்சான், உள்ள இருக்கறவன் எப்படி வெளிய வருவான்? ஆணி சும்மா அழகுக்கு. கைப்பிடிய ஒரு திருப்பு திருப்பினா தன்னால தொறந்துக்கும். பூட்டற மாதிரி கற்பனையா ஒட்டி வெச்சிருக்கீங்களே!"

இரண்டு மதிப்பெண் போயிற்று. எனக்கு இரண்டாம் பரிசு. அதற்காக நான் கோபப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று மட்டும் நினைத்தேன். அதே வண்டி, அசல், நம் அருங்காட்சியகத்தின் பின்கொட்டகையில் நிற்கிறது. துருத் துடைக்கும் தொண்டு வேலைக்கு நாங்கள் இருவரும்தான் போவோம். வண்டியின் மற்ற வாசல்களையெல்லாம், குழந்தைகள் புகுந்துவிடக் கூடாதென்று, எப்போதோ பற்றவைத்து அடைத்துவிட்டார்கள். மேல்மூடி ஒன்றுதான் வழி.

வெள்ளிக்கிழமை மதியம் போனோம். மறுநாளிலிருந்து அருங்காட்சியகத்துக்கு ஐந்து நாள் விடுமுறை. மாப்பிள்ளை குஷியாக உள்ளே இறங்கினார். தன் போனை என்னிடம் நீட்டினார். "நான் தொறந்துட்டு வெளிய வர்றத நல்லா படம் புடிங்க மச்சான்." நான் மூடியைச் சாத்தி ஆணியைச் செருகினேன். உள்ளே கைப்பிடி அரை விரல் நகர்ந்தது, டக்கென்று நின்றது. எவ்வளவு அழகான சத்தம் தெரியுமா.

கொஞ்ச நேரத்தில், "சரி மச்சான், ஒத்துக்கறேன், தொறங்க" என்றார்.

திறந்திருக்கலாம்தான். ஆனால் அவர் குரலில் பயம் இருந்தது. பயத்தில் சொல்வது ஒப்புதல் ஆகுமா, ஐயா? நிதானமாக யோசித்து, மனதாரச் சொல்ல வேண்டாமா? யோசிக்கட்டும் என்று விட்டேன். பேட்டரி வீணாகக் கூடாதென்று அவருடைய போனை அணைத்து வைத்தேன். வாசலில் காவலாளி கேட்டபோது, "மாப்பிள்ளை பின்பக்கமா அப்பவே போயிட்டாரே" என்றேன். அந்தத் தகரக் கூரையடியில் பகலில் எவ்வளவு சூடு ஏறும் என்பது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வெப்பமானி மாட்டியதே நான்தான்.

ஐந்து நாளும் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டேன். "அண்ணா, அவர் எங்கதான் போயிருப்பாரு?" என்று அவள் அழுதபோது எனக்கும் அழுகை வந்தது. அது நடிப்பில்லை. "வந்துடுவார்மா" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மிச்ச நேரத்தில் என் வண்டிக்குள் ஒரு சின்ன ஆளை உட்கார வைத்தேன். மூடி போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனாலும் சரியாக இருக்க வேண்டுமே.

என்மேல் உங்களுக்குச் சந்தேகமே இல்லை என்று தெரியும். யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். தங்கையிடம் கொடுத்த உங்கள் அறிக்கையைப் படித்தேன். 'மேல்மூடி தற்செயலாகப் பூட்டிக்கொண்டதால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு பிழையை எழுத்தில் விட்டுவைக்க என்னால் முடியாது. அந்த ஆணி தானாக விழாது ஐயா. கையால்தான் செருக வேண்டும். செருகியது நான். திருத்தி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மாப்பிள்ளை இருந்திருந்தால் அவரும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பார். யோசிக்க முழுதாக ஐந்து நாள் கொடுத்தேனே.