தமிழ் எழுத்தில் ஓர் அயர்லாந்துப் பாட்டு

"நாளைக்கு ஐரிஷ் ஐயாவின்ர செத்தவீட்டில அவையின்ர போராட்டப் பாட்டை நான்தான் பாடப்போறன்."

லண்டன் வெம்பிளி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த, வயதானவர்களைப் பராமரிக்கும் கெயார் வேலைக்காரி சொன்னாள். மடியில், தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலப் பாட்டு.

"அவருக்குப் பிள்ளையள் இல்லையோ?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இருக்கினம் அக்கா. அவைக்குப் பாட்டுத் தெரியாது. இஞ்ச ஐரிஷ் இயக்கம் குண்டு வைச்ச காலத்தில, பொலிஸ் சந்தேகப்படுமெண்டு வீட்டில பாடுறதையே விட்டிட்டாராம். கடைசிக் காலத்தில நான் தாடி சேவ் எடுத்துவிடேக்கதான் பாடினவர்."

"கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாமெண்டு பாதர் சொல்லுவார்."

"அப்ப சவக்காலையில, புதைக்கேக்க பாடுவன்."

"உனக்கேன் இந்த வேலை?"

"நானும் என்ர பிள்ளையளுக்கு எங்கட போராட்டப் பாட்டுகளைச் சொல்லிக் குடுக்கேல்லை அக்கா. அதே பயந்தான்."

பிறகு தாளை விரித்து, பஸ் முழுக்கக் கேட்கப் பாடத் தொடங்கினாள்.