பார்த்துவிட்டுக் கை வை

இரவு பதினொன்று நாற்பது. வானகரத்திலிருந்து அம்பத்தூர் போகிற சாலை. மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். தெருவிளக்கு மூன்றுக்கு ஒன்றுதான் எரிகிறது. அயனம்பாக்கம் தாண்டும்போது எதிரே வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரே ஒரு ஸ்கூட்டர். அதன் மேல் பாசித்.

எந்த பாசித் என்கிறீர்களா? நம் ராஷித்தின் அக்கா சைமாவைக் கட்டியவர். குமணன்சாவடியில் வீடு. இதைச் சொன்னது ராஷித்தான். ராஷித் பொய் சொல்வான், யாருக்குத் தெரியாது? ஆனால் பொய் சொல்லும்போது பாதியிலேயே சிரித்துவிடுவான். இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்... அந்தக் கதவை யாராவது நன்றாகச் சாத்துங்கள். காற்று வருகிறது.

பாசித்துக்கு அத்திப்பட்டில் வேலை. ஊரிலுள்ள கம்பெனிகளின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து சர்வரில் பத்திரமாக வைத்துக்கொடுக்கும் இடம். கீழே கோடவுன், இரண்டாம் மாடியில் ஆபீஸ், அதன் மூலையில் சர்வர் அறை. அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் பாசித். ஆறு மாதமாக, தற்காலிகமாக. ஆனால் அவருடைய விசிட்டிங் கார்டில் 'தலைமை சர்வர் ஆர்க்கிடெக்ட்' என்று தங்க எழுத்தில் இருக்கும். கார்டை அடித்தது அவரேதான். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு ஏசி.

மௌஸைத் தொட மாட்டார். அது குழந்தைகள் விளையாடும் சாமான் என்பார். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கட்டளையைத் தட்டி வேலை வாங்குவதுதான் ஆம்பளை வேலை. மாமியார் வீட்டு விருந்துக்குப் போனாலும் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்காருவார். எல், எஸ் என்று இரண்டு எழுத்தைத் தட்டுவார். இந்தப் பெட்டிக்குள் என்னென்ன கிடக்கிறதோ அத்தனை பெயரையும் காட்டு என்று அதற்கு அர்த்தம். அலமாரியைத் திறந்து எட்டிப் பார்ப்பது போல, அவ்வளவுதான். கூட இன்னோர் எழுத்தைச் சேர்த்தால், அலமாரிக்குள் அலமாரி, அதற்குள் டப்பா என்று எல்லாவற்றையும் கொட்டும். திரையில் பத்து நிமிடம் அருவி மாதிரி ஓடும்.

"இன்னாங்க மாப்ள, இந்த ஓட்டம் ஓடுது?" என்பார் மாமியார் வஹீதுன்னிசா.

"செக்யூரிட்டி மாமி. நடுவுல பேசக் கூடாது."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு, மாப்பிள்ளையின் தட்டில் சத்தமில்லாமல் இன்னொரு துண்டு வைப்பார்.

அந்த நாற்காலியில் பாசித்துக்கு முன்னால் ஜெயராமன் என்று ஒருவர் இருந்தார். பதினெட்டு வருஷம். பல்வலிக்காரர், எந்நேரமும் கடைவாயில் ஒரு கிராம்பு. அவரிடம் ஒரு பழக்கம். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் முதலில் பட்டியல் எடுப்பார். திரையில் விரல் நகத்தை வைத்து, ஒவ்வொரு வரியாக, பெயரை வாய்விட்டுப் படிப்பார். டிக்... ஒரு பெயர். டிக்... இன்னொரு பெயர். ஐந்நூறு இருந்தாலும் ஐந்நூறையும் படித்த பிறகுதான் அழிப்பார். அழிக்கும் வேலை எதுவானாலும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்று கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. அதுவும் அவர் போட்டதுதான். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் 'பார்த்துவிட்டுக் கை வை' என்று எழுதி சர்வர் ரேக்கில் ஒட்டியிருந்தார்.

போன மாசிமாதம் அந்த நாற்காலியிலேயே தலையைச் சாய்த்தார். எழுந்திருக்கவில்லை.

பாசித் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்த முதல் வேலை, அந்தக் காகிதத்தைக் கிழித்ததுதான். அந்த இடத்தில் தன் விசிட்டிங் கார்டை ஒட்டினார்.

பாசித் ஸ்கூட்டரில் கிளம்பிய அந்த இரவு, ஒன்பதரைக்கு முதலாளி தங்கராஜ் போன் பண்ணினார். "பாசித்து, சர்வர்ல தொண்ணூத்தேழு பர்சன்ட் ரொம்பிட்ச்சாமே. காலைல எட்டு மணிக்கு கஸ்டமர் வராங்கோ. அதுக்குள்ள எடம் காலியாவணும். ஆச்சுன்னா உன்ன பர்மனென்ட் ஆக்கிடறேன். ஆவலைன்னா, மறுபடியும் பிரின்டருக்கு மை ஊத்தப் போயிடு."

மாமியார் வீட்டில் பாசித் ஏற்கெனவே பர்மனென்ட். ஏற்கெனவே தலைமை. நாளைக் காலை எட்டு மணிக்குள் அது நிஜமாக வேண்டும். இல்லாவிட்டால் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் பழையபடி மை டப்பாவோடு நிற்க வேண்டும், அந்த வழியாகத்தான் மாமியார் மார்க்கெட்டுக்குப் போவார்.

எதை அழிப்பது என்று யோசிக்கவே இல்லை. சர்வரில் ஜெயராமனின் கோப்புகள் இருந்த பெட்டி. செத்தவர் சாமான். பதினெட்டு வருஷக் குப்பை.

கேட்டில் வாட்ச்மேன் துலுக்கானம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"இன்னா பாசித் சார், இந்நேரத்துல?"

"அண்ணாத்தே, ஆயிரம் வாட்டி சொல்லிக்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிடாத. ஆர்க்கிடெக்ட் சார்னு கூப்பிடு. பேரு இன்னா பேரு, எவனுக்கு வோணும்?"

"அதுவும் சர்தான் சார்" என்றார் துலுக்கானம். "ஜெயராமன் சாரு இருந்தப்போ, நைட்ல வந்தார்னா ஒவ்வொரு பேரா படிப்பாரு. ஜன்னலாண்ட நின்னா எனக்கே கேக்கும். தூக்கம் வராம இருக்க தோதா இருக்கும்."

பாசித் மாடியேறினார்.

சர்வர் அறை. உள்ளே போனால் பற்கள் கூசும் குளிர். விசிறிகளின் 'உஸ்ஸ்ஸ்'... நாலு பச்சை விளக்கு, ஒரு மஞ்சள் விளக்கு. மணி பன்னிரண்டு இருபது.

முதலில் ஜெயராமனின் கணக்கை நீக்கினார். ஒரு கட்டளை, ஒரு நொடி. இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சர்வரில் பட்டியல் எடுத்தால், ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் அது யாருடையது என்று பெயர் வரும். ஆளின் கணக்கை நீக்கிவிட்டால் கோப்புகள் போகாது. ஆனால் பெயர் போய்விடும். பெயர் இருந்த இடத்தில் வெறும் எண் நிற்கும். இந்த எண்ணுக்குரிய ஆள் இப்போது இல்லை என்று அர்த்தம்.

ஒரே ஒருமுறை மேலோட்டமாகப் பட்டியல் எடுத்துப் பார்த்தார். ஜெயராமன் என்று இருந்த இடத்திலெல்லாம் 1017, 1017, 1017...

"அவ்ளோதான் மாமே ஒரு மனுஷன்" என்று பாசித் ரேக்கைப் பார்த்துச் சிரித்தார். பெயர்களைப் படிக்கவில்லை. எது எத்தனை பெரிது என்று பார்க்கவில்லை. மொத்தத்தையும் அழி என்று தட்டினார்.

அழிந்தது. சர்வரில் எவ்வளவு இடம் காலி என்று கேட்டார்.

தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றது.

மறுபடி கேட்டார். தொண்ணூற்றேழு. பதினெட்டு வருஷமாக ஜெயராமன் சேர்த்தது எல்லாம் வெறும் எழுத்துக் குறிப்பு. ஒரு சதவீதம்கூட இல்லை. உட்கார்ந்து பட்டியலைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்படியானால் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது?

பாசித்துக்கு அந்தக் குளிரிலும் அக்குள் நனைந்தது. எழுந்தார். உட்கார்ந்தார். காலியான பெட்டியையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை...

அப்போதுதான் வாசனை வந்தது.

கிராம்பு.

புள்ளியில் தொடங்கும் பெயர்கள் சாதாரணப் பட்டியலில் வராது. மறைந்திருப்பதையும் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும். பாசித் கேட்டார். ஏன் கேட்டோம் என்று தனக்கே தெரியவில்லை என்று ராஷித்திடம் சொன்னாராம்.

ஒன்று இருந்தது. '.பட்டியல்' என்று தமிழில் பெயர். யாருடையது? 1017. கடைசியாக எழுதப்பட்ட நேரம்? பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. பாசித் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

அழித்தார். பட்டியல் எடுத்தார். அங்கேயே இருந்தது. மறுபடி அழித்தார். இருந்தது. முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. மறுபடி பட்டியல். இன்னும் கொஞ்சம் பெரிது. யாரோ அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல். ஒரு மனிதர் வாய்விட்டுப் படிக்கிற வேகத்தில்.

திறந்து பார்த்தார். அவர் சற்றுமுன் அழித்த கோப்புகளின் பெயர்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக.

டிக்.

கம்ப்யூட்டர் திரையை விரலால் அழுத்தினால் அந்த இடம் வெளிறி, ஒரு சின்ன வட்டம் எழும்பி அடங்குமே, பார்த்திருக்கிறீர்களா? அந்த வட்டம் முதல் வரியில் எழுந்தது. அடங்கியது. டிக்... இரண்டாம் வரி. டிக்... மூன்றாம் வரி. பாசித்தின் இரண்டு கைகளும் அவர் மடியில் இருந்தன.

ஓடியிருக்கலாமே என்கிறீர்கள். கால் வரவில்லை. கண்ணும் திரையை விட்டு வரவில்லை. பெயர்கள் நகர்ந்தன. ஜெயராமனின் கடைசிக் கோப்பு வந்தது. அதோடு நின்றுவிடும் என்று பாசித் காத்திருந்தார்.

நிற்கவில்லை.

அடுத்த வரி, பாசித் நிக்காஹ், டிரோன் வீடியோ. டிக். வலீமா விருந்து, நாலு கேமரா, முழுசு. டிக். மகள் இனாயா முதல் நடை. டிக். இனாயா பிறந்தநாள், கேக் வெட்டும் முன், வெட்டும்போது, வெட்டிய பின்...

ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவு. அப்போதுதான் பாசித்துக்குப் புரிந்தது. கம்பெனி சர்வரை அடைத்துக்கொண்டிருந்தது செத்தவரின் குப்பை இல்லை. தலைமை சர்வர் ஆர்க்கிடெக்ட் ஆறு மாதமாக ஓசியில் ஏற்றி வைத்த சொந்தக் கல்யாண வீடியோ. பாதி சர்வர்.

வட்டம் கடைசி வரிக்கு வந்தது. நின்றது. அறையில் விசிறிச் சத்தம் மட்டும்.

பாசித் தன் பெட்டிக்குப் பட்டியல் எடுத்தார். எல்லாம் அங்கேயே இருந்தன. நிக்காஹ், வலீமா, இனாயா. ஆனால் யாருடையது என்கிற இடத்தில், பாசித் என்று வர வேண்டிய இடத்தில்... 1018. 1018. 1018.

'நான் யார்' என்று கேட்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினால் உங்கள் பெயரைச் சொல்லும். பாசித் அதைத் தட்டினார்.

1018 என்ற எண்ணுக்குப் பெயர் எதுவும் கிடைக்கவில்லை என்று பதில் வந்தது.

நாற்காலி கவிழ்ந்தது. கதவு அடித்துக்கொண்டது. இரண்டிரண்டு படியாக இறங்கினார். முதல் மாடித் திருப்பத்தில் பையிலிருந்த போன் சிணுங்கியது. சர்வர் தானாக அனுப்பிய செய்தி. நாற்பத்தொரு சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது, இடம் காலி. அவர் தன் பெட்டியில் எதையும் அழிக்கவில்லை. அதில் அழிக்கும் கட்டளையைத் தட்டக்கூட இல்லை. நிக்காஹ் இல்லை, வலீமா இல்லை, இனாயா முதல்முதலாக நடந்தது இல்லை. வேறு பிரதியும் கிடையாது.

அடுத்த நிமிடமே இன்னொரு கிணுக். முதலாளி தங்கராஜ். தூங்காமல் காத்திருந்திருக்கிறார். 'சபாஷ். நீ பர்மனென்ட். தலைமை ஆர்க்கிடெக்ட்னே போட்டுடலாம். காலைல லெட்டர் ரெடி பண்ணணும். உன் பேர் இன்னா?'

பாசித் அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தார். ராத்திரி ஒன்பதரைக்கு இதே மனிதர்தான் பாசித்து, பாசித்து என்று கூப்பிட்டார்.

மீதிப் படிகளை எப்படி இறங்கினார் என்று தெரியாது. கேட்டருகில் துலுக்கானம் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்த முகத்தில் கேலியில்லை, பயமில்லை. நல்ல தூக்கம் கெட்டவரின் சாதாரண முகம்.

"வேலை முட்ச்சிட்டீங்களா ஆர்க்கிடெக்ட் சார்? கீழ வரைக்கும் கேட்டுது. ஜெயராமன் சாரு மாதிரியே நீங்களும் படிக்க ஆரம்பிச்சிட்டீங்கோ. நல்லதுதான் சார், பாத்துட்டுதான் அழிக்கணும்."

பாசித் ஸ்கூட்டர் சாவியைத் துவாரத்தில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை.

"ஒண்ணு கேக்கணும் சார்" என்றார் துலுக்கானம், தலையைச் சொறிந்துகொண்டு. "எல்லாம் படிச்சி முட்ச்சிட்டு, கடைசியா ஒரு பேரு படிச்சீங்களே... பாசித்துன்னு. இங்க அப்டி யாரும் இல்லியே. யாரு சார் அது?"

நான்தான்யா என்று சொல்லத்தான் பாசித் வாயைத் திறந்தார்.

நாக்கில் என்னவோ தட்டுப்பட்டது. கடைவாயில், பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில்... சின்னதாய், கூராய், ஒரு கிராம்பு.