ரேஞ்சு கிடைக்கிற ஜன்னல்

— கத்தாதீக, நல்லாக் கேக்குது. எப்பவும் நம்ம வீட்டுப் பின்னாடி ஓடை இரைச்சல்ல ஒண்ணும் விளங்காது. இன்னைக்குத்தான் பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு. நாலு நாளா உங்க குரலைக் கேக்காம செத்துப் பொழைச்சேங்க!

— அழாத முருகேஸ்வரி. நெட்டை நிறுத்தி வெச்சிருந்தாங்க புள்ள, இப்பத்தான் விட்டாங்க.

— காட்மாண்டு எரியுதுன்னு டிவியில காட்டுனாக. ஓட்டலையெல்லாம் கொளுத்துறாகளாமே?

— எங்க ஓட்டல் மலைமேல, டவுன்ல இல்லன்னு எத்தனை தடவ சொல்றது? கர்ப்யூ விட்டதும் பார்டருக்கு வண்டி ஏத்தி விடுறேன்னு மொதலாளி சொல்லியிருக்கார், கேட்டியா?

— போன வாரமும் இதத்தான் சொன்னீக. நடந்தாவது வந்து சேருங்க. வண்டிப்பெரியார்ல இல்லாத ஓட்டலா? இங்க வந்து புரோட்டா போடுங்க, போதும்.

— வாறேன், வாறேன். அங்கயும் மழையாமே?

— மூணு நாளா விடல. எஸ்டேட் லயத்துல அம்புட்டுப் பேரும் பள்ளிக்கூடத்துக் கேம்புக்குப் போயாச்சு. பஞ்சாயத்து மெம்பர் காலையில வந்து அடிக்காத கொறையா வெரட்டுனார். பாப்பாவ அன்னாள் மதினியோட அனுப்பிட்டேன்.

— நீ போகலியா?

— கேம்புல போனுக்கு ஏது ரேஞ்சு? நம்ம அடுப்படி ஜன்னல ஒட்டி நின்னாத்தானே கிடைக்கும். நீங்க கூப்பிட்டு நான் எடுக்கலன்னா என்ன நெனப்பீக? அதான் ஒத்தையில நிக்கேன். கதவு வேற மழைக்கு உப்பிப்போயி சாத்த முடியல. அரிவாளால வெளிம்பச் செதுக்கிக்கிட்டு இருந்தேன்.

— கிறுக்கி. பேசி முடிச்சதும் கெளம்பு.

— மொதல்ல நெசத்தச் சொல்லுங்க. கொரலே சரியில்ல. அங்க என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்ல புள்ள.

— பாப்பா மேல சத்தியமா சொல்லுங்க.

— ...முந்தாநாள் எங்க குவாட்டர்ஸ் மேல மண்ணு சரிஞ்சிருச்சு. நான் கிச்சன்ல டூட்டி. என் ரூம்ல இருந்த பயலுக ரெண்டு பேரும் போயிட்டானுவ.

— ஆத்தாடி!

— கர்ப்யூன்னு உள்ளயே கெடந்தானுவ. வெளிய வந்தாத்தான் ஆபத்துன்னு எல்லாரும் நெனச்சோம். அன்னைக்குக் காலையில அதுல ஒருத்தன் சொன்னான், அண்ணே, கதவு சாத்த மாட்டேங்குதுன்னு. மழைக்கு மரம் உப்பியிருக்கும்டான்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். நான்தான் சொன்னேன், கேட்டியா? உப்பல. மேல இருந்து மண்ணு தள்ளி செவரு நகந்திருக்கு.

— ஏங்க...

— அப்புறம் பக்கத்து ஓடை சட்டுனு அடங்கிப்போச்சு. கொட்டுற மழையில ஓடை எப்படி அடங்கும்னு ஒருத்தனுக்கும் தோணல. மேல மண்ணு விழுந்து தண்ணிய அடைச்சிருக்கு. அதுக்கப்புறம் ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இல்ல புள்ள.

— ஏங்க, நம்ம கதவு...

— ஆமா, நீயும் சாத்த முடியலன்னியே. முருகேஸ்வரி, நீ இப்ப அந்த ஜன்னல்கிட்டதான நிக்க?

— ஆமா.

— நம்ம ஓடைச் சத்தம் எங்க புள்ள?