மில்யானாவின் பட்டியல்

நீங்கள் கதவை இடித்தபோது எங்கள் அலுவலகத்தில் காபி பொங்கிக்கொண்டிருந்தது, இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். அடுப்பை அணைத்தவன் நான்தான். நோவி சாத் கிளையில் பொறுப்பு என்பதே என்னோடு சரி.

மில்யானாவைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

நாங்கள் உருவாக்குவது, எல்லாவற்றையும் பொருள்களாகப் பாவிக்கும் ஒரு கணினி மொழி. அதில் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் என்னுடையது. மொழியோடு சேர்த்துக் கொடுக்கும் ஆயத்தப் பொருள்களின் நூலகம் அவளுடையது. பட்டியல், தேதி என்று அன்றாடச் சாமான்கள். நான் சுவர் கட்டினேன், அவள் திரை தைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் திரையைத்தானே புகழ்வார்கள்? பெல்கிரேடில் ஒரு மாநாட்டில் அவளுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். கம்பைலர் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை.

அவள் எழுதிய பட்டியலுக்கு ஒரு காவல் உண்டு. பத்து எண்கள் உள்ள இடத்தில் பதினோராவதைக் கேட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். அந்தக் காவலை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடும்படி கம்பைலரை மாற்றினேன். அதன்பின் பதினோராவதைக் கேட்டால், பக்கத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண் வரும்.

மாற்றங்களை எல்லோரும் ஒரே பொதுக் கணக்கில்தான் போடுவோம்; யார் போட்டது என்று பதிவாகாது. இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். லுபோமிர் படிக்காமலே தந்தான். "நீ எழுதுனத நான் படிக்கணுமா? நான் குடிக்கிற ரக்கியாவ நீ எண்ணுறியா என்ன?" என்றான். அவ்வளவுதான் எங்கள் பாதுகாப்பு.

புகார்கள் வந்தன. மில்யானா மாதக்கணக்கில் தன் நிரலையே திரும்பத் திரும்பப் படித்தாள். கம்பைலர் மேல் பழி போடுகிறவன் கற்றுக்குட்டி என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவள் நல்ல மாணவி.

"தப்பு என்னோடதுதான், ரதிவோய். என் கண்ணுக்குத்தான் படல" என்று என்னிடமே வந்து அழுதாள். கண்ணாடியை மாற்று என்று சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்று எங்கள் மொழியை வாங்கியது எனக்குத் தெரியும். அன்று கேக் வெட்டினோம். மருந்தின் அளவு அவள் பட்டியலிலிருந்துதான் போகும் என்பதும் தெரியும். காவலைத் திரும்ப வைப்பது பெரிய வேலையல்ல. ஆனால் வைத்தால் அவள் நூலகம் சரியாகிவிடுமே. மூன்று பேர் இறந்தார்கள். ஒருத்தி பிரசவத்துக்கு வந்தவள். வருத்தம்தான்.

அவள் சிறைக்குப் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. கவனக்குறைவுக்குத் தண்டனை வேண்டியதுதானே. ஆனால் நேற்று வல்லுநர் அறிக்கையைத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். கம்பைலருக்குள் புகுந்து மில்யானாவே வேண்டுமென்றே செய்த வேலையாம். நாட்டிலேயே அபூர்வமான மூளையாம். அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை.

மில்யானா மேல் இரக்கப்பட்டு வந்தேனா என்று கேட்கிறீர்கள்.

"இரக்கமா? நல்லா எழுதிக்கங்க சார். அந்த வேலையெல்லாம் அவளுக்கு வராது."