சந்திரலேகாவின் வாயை உடைத்தவர்கள்

தலைமை ஏற்றிருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி அவர்களே! வணிகர் சங்கப் பெரியோர்களே! தீயில் மகனை இழந்து, இன்று கையில் மாவுக்கட்டோடு முன்வரிசையில் இருக்கும் ஆறுமுகத்தாய் அம்மா அவர்களே! தாராவித் தமிழ்ச் சொந்தங்களே! அச்சகம் நடத்தும் வேல்ராஜின் வணக்கம்.

செய்தியாளர், எழுத்தாளர் சந்திரலேகா 'மறைந்தார்' என்று வாசலில் பேனர் கட்டியிருக்கிறீர்கள். மறைந்தாரா? இல்லை! கொன்றார்கள்! இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றார்கள்! அதைச் சொல்லாமல் படத்துக்குப் பூப் போட்டுவிட்டுக் கலையவா கூடியிருக்கிறோம்?

அந்த ரெடிமேட் துணிப் பட்டறை எரிந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறுமுகத்தாய் அம்மாவின் மகன் பேச்சிராஜா உள்ளேயிருந்து போன் செய்தான்.

"எம்மா, கதவ வெளிய பூட்டிருக்காவ. ஒடைக்கச் சொல்லும்மா. மூச்சு முட்டுது."

கடப்பாரையோடு ஓடிய அம்மாவை வாட்ச்மேன் மறித்தான். "மொதலாளி சேட் சொல்லாம தொறக்க முடியாது." உள்ளே தட்டிய கைகள் ஓய்ந்த பிறகுதான் பூட்டு உடைந்தது. கதவோரம் ஒருவர்மேல் ஒருவராகக் கருகிக் கிடந்தார்கள். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணை வைத்துத்தான் தாய் மகனைக் கண்டுபிடித்தார்.

மின்கசிவு என்று எல்லோரும் எழுதினார்கள். சந்திரலேகா எழுதவில்லை! பேச்சிராஜாவின் கடைசிக் குரல் போனில் பதிவாகியிருந்தது, அதைக் கேட்டார். வாட்ச்மேனைத் தேடிப்பிடித்துப் பேசவைத்தார். வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று பூட்டச் சொன்னவர் முதலாளி ரமேஷ்குமார் என்று பெயர் போட்டே புத்தகம் எழுதினார்.

புத்தகம் வந்ததும் வக்கீல் நோட்டீஸ் வந்தது. மானநஷ்டமாம்! கோடிகளில் ஈடு வேண்டுமாம்! சென்னைப் பதிப்பகம் நடுங்கியது. கட்டுக்கட்டாகப் புத்தகத்தை எந்திரத்தில் போட்டுக் கூழாக்கினார்கள். ஆன்லைன் கடையில் அந்தப் பக்கமே காணாமல் போனது. எந்த நீதிமன்றம் தடை போட்டது? எந்த நீதிபதி படித்துப் பார்த்தார்? யாருமில்லை! ஒரு மிரட்டல் போதுமாக இருந்தது!

சந்திரலேகா அழுதாரா? பட்டறையின் கரிச்சுவர் முன் போனை நிற்கவைத்து, புத்தகத்தை வாசித்து வீடியோ போட்டார். "நம்ம பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருது, படிக்க வரல. நான் வாசிக்கேன், கேக்கட்டும்" என்றார். காட்கோபர் தமிழர்கள் கேட்டார்கள், ஐரோலித் தமிழர்கள் கேட்டார்கள். புகார் போனது, வீடியோவை நீக்கினார்கள். மறுபடி போட்டார், கணக்கையே முடக்கினார்கள். அப்போது, அக்கா என்பதைத் 'தீதி' என்று இந்தியில் கூப்பிடும் பேக்கரி தௌசீப் வந்தான்.

"தீதி, என் மொபைல்ல போடு. எத்தன பேரோடத டிலீட் பண்ணுவாங்க, பாத்துக்கலாம்!"

சந்து முழுக்கப் போன்கள் முளைத்தன. பிறகுதான் சந்திரலேகாவின் போனுக்கு அந்த அழைப்பு வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துரு. இல்லன்னா பேச வாய் இருக்காது."

"வாய ஒடைச்சா எழுதுனது பொய்யாயிருமாலே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

பட்டப்பகலில் கம்பிகளோடு அடியாட்கள் வந்தார்கள். வாசித்துக்கொண்டிருந்தவரின் வாயில்தான் முதல் அடி! பற்கள் தெறித்து விழுந்தன. இரத்தத்தைத் துப்பிவிட்டு அடுத்த வரியை வாசித்தார்! அடுத்த அடி மண்டையில். மேலே விழுந்து மறைத்த ஆறுமுகத்தாய் அம்மாவின் கையை முறித்தார்கள். ஆஸ்பத்திரியில் சந்திரலேகா கண் திறக்கவே இல்லை.

அந்தக் கொலை அப்படியே போனில் பதிவானது. அதையும் நீக்கிவிட்டார்கள். காரணம் தெரியுமா? வன்முறைக் காட்சியாம்!

அடித்தவர்கள் சிறையில். அனுப்பியது யார் என்று போலீஸ் இன்னும் விசாரிக்கிறதாம். ரமேஷ்குமார் நம் ஊர்க்காரர், கோயில் கொடைக்குப் பந்தல் போட்டுத் தருபவர், பெயர் சொல்லாமல் பேசு என்று இந்த மேடையில் ஏறும்போதும் ஒருவர் காதைக் கடித்தார். சொல்வேன்! கதவைப் பூட்டச் சொன்னவர் ரமேஷ்குமார்! அந்தப் பந்தல் நிழல் எனக்கு வேண்டாம்!

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் என் எந்திரத்தில் புத்தகத்தை மறுபடி அச்சேற்றிவிட்டேன். ஒரு வரி குறைக்கவில்லை. ஆசிரியர் இறந்துவிட்டாரே, நோட்டீஸை யாருக்கு அனுப்புவது என்று வக்கீல் திணற வேண்டாம். வெளியிடுபவர் வேல்ராஜ் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. "எம்பேரையும் போடுலே" என்றார் அம்மா. அதுவும் இருக்கிறது.

சந்திரலேகாவே! நீங்கள் நிறுத்திய இடம் எங்களுக்குத் தெரியும். அந்த வரியிலிருந்து இப்போது வாசிக்கப்போகிறேன். சொந்தங்களே, போன்களை எடுங்கள். பதிவு செய்யுங்கள்!