உள்ளே தாழ்ப்பாள் போட்டவர்

பாகூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் சத்தமாகச் சொன்னாள்:

“காலைல எங்க வூட்டுக்காரரு பாத்ரூம்ல உள்ள தாப்பா போட்டுக்கினாருடி!”

“அதுக்கு இன்னாடி இவ்ளோ சந்தோஷம்?”

“கரும்பு லாரிலேருந்து வுழுந்து கால் போனதிலேருந்து நான்தானே குளிப்பாட்டுறேன். இப்ப பிளம்பர் செவுத்த உடைச்சு, பைப்ப தாழ எறக்கி, நாற்காலில உக்காந்தே எட்டுற மாதிரி ஷவர் வெச்சுட்டாரு.”

“தனியாவா வுட்ட?”

“பயந்துக்கினு வெளியவே நின்னேன். தண்ணி சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. கதவத் தட்டினேன். ‘போய் உன் வேலையப் பாருடி’ன்னு உள்ளேருந்து ஒரே அதட்டல்! பழைய கொரலுடி!”

“அப்புறம்?”

“அவரு குளிச்சிட்டு வெளிய வந்ததும் பொடவைய மாத்திக்கினு பஸ் ஏறிட்டேன். தனியா வெளிய கெளம்பி எவ்ளோ நாளாச்சு!”