பின்னால் போய் முன்னால் வருபவர்

— பாத்தியா கூத்த! வண்டி இன்னும் நிக்கவே இல்ல, அதுக்குள்ள ஒருத்தன் ஜன்னல் வழியா குடையத் தூக்கிப் போடறான். குடைக்கு இடம் பிடிச்சாச்சாம்!

— மெதுவாப் பேசுங்க, காதுல விழும்.

— விழட்டுமே. இவங்களுக்கெல்லாம் காது எங்க இருக்கு? உடம்பு பூரா முழங்கைதான். அந்த நீலச் சட்டையப் பாரு. உக்காந்ததும் தூங்கிட்டான். யாரும் நகரச் சொல்லக் கூடாதாம். குறட்ட விட மட்டும் மறந்துட்டான், பாவம்.

— ஏங்க, கடைசி ஸ்டேஷன் வந்தாச்சே, நாம இறங்க வேண்டாமா? எனக்கு இன்னிக்கு மொத நாள். ஒம்பது மணிக்கு மருந்துக் கம்பெனில கையெழுத்துப் போடணும். லேட்டானா மானம் போயிடும்.

— இறங்கறதாவது! இதே வண்டிதான் திரும்பும். உன்னக் கொண்டுபோய் விடறது என் பொறுப்பு. நீ ராணி மாதிரி உக்காந்து வேடிக்க பாரு.

— அடடா, ஜன்னல் சார்! இன்னிக்கு ஜோடியா?

— வாங்க கடிகாரக்காரரே. இது என் வீட்டம்மா. இவர் கடிகாரம் ரிப்பேர் பண்றவரும்மா. தினமும் எதிர் சீட்டு.

— வணக்கம் தங்கச்சி. பதினோரு வருஷமா அந்த ஜன்னல்ல வேற ஆள் சாஞ்சு நான் பாத்ததில்ல. கம்பியே சார் கன்னத்துக்கு ஏத்த மாதிரி வளைஞ்சுபோச்சு!

— கேட்டுக்கோ. நிக்கிறவங்களப் பாத்தியா? உக்காந்திருக்கறவன் காலால செருப்பத் தடவினாப் போதும், இறங்கப் போறான்னு கழுகு மாதிரி குனிவாங்க. மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒருத்தர் ஒட்டிக்கிட்டு வர்றாரே, அவருக்குப் பாதி உடம்பு அந்தரத்துல. ஒரு சீட்டுக்காக மானங்கெட்ட பொழப்பு!

— ஏங்க, அந்தத் தண்ணித் தொட்டி நம்ம தெருவுல இருக்கற மாதிரியே இல்ல?

— தண்ணித் தொட்டி இல்லாத ஊர் எது? இந்தப் பக்கம் பாரு.

— மாடில விளக்கு எரியுது. இருட்டுல கிளம்பின அவசரத்துல நான் அணைக்க மறந்த விளக்கு! ஏங்க, இது நம்ம வீடு! நம்ம ஸ்டேஷன்!

— அது... வழியிலதான் இருக்கு.

— பின்ன என்ன தங்கச்சி, இங்க ஏறினா நின்னுக்கிட்டுல்ல வரணும்? அதான் சார் ஆறு மணிக்கே எதிர்ப்பக்கம் போற வண்டில ஏறி, கடைசி வரைக்கும் பின்னால போய், உக்காந்தபடியே முன்னால வர்றாரு. மூளைன்னா அது மூளை!

— கடிகாரக்காரரே, உங்க ஸ்டேஷன் வந்துடுச்சு போல.

— இன்னும் எட்டு இருக்கே சார்.

— நீங்க சும்மா இருங்க. அண்ணே, இப்ப மணி என்ன?

— ஏழு முப்பத்தஞ்சு.

— இங்க இப்ப ஏறினா இவர் ஆபீஸ் பக்கம் ஒம்பதுக்குள்ள போயிடலாமா?

— தாராளமா! எட்டரைக்கே போயிடும். சார் ஆபீஸ் பூட்டக்கூட அப்பத் தொறந்திருக்க மாட்டாங்க. வாசப்படில உக்காந்து பேப்பர் படிப்பாரு.

— ஆறு மணி வண்டிய விட்டா மேனேஜர் வேலைய விட்டே தூக்கிடுவாருன்னு சொன்னீங்களே?

— அவர் அப்பல்லாம் கொஞ்சம் கோவக்காரர்...

— பதினோரு வருஷம்! காய்ச்சல்லகூட நாலு மணிக்கு எழுந்து, அரைத் தூக்கத்துல கையச் சுட்டுக்கிட்டு உங்களுக்குச் சமைச்சுக் கட்டினேன். உங்க மூஞ்சிக்குக் காத்து வரணும்னு!

— மெதுவாப் பேசு, காதுல விழும்.

— விழட்டுமே.

— நீலச் சட்டைகூட முழிச்சுப் பாக்கறான்டி. தப்புதான், ஒத்துக்கறேன். என்ன செய்யணும், இந்த ஜன்னல விட்டுடணுமா?

— ஐயையோ, விடவே கூடாது! நாளைலேருந்து நாலு மணிக்கு நீங்க எழுந்து சமைங்க, ஆறு மணி வண்டியப் பிடிங்க. நான் நல்லாத் தூங்கி எழுந்து, ஏழு முப்பத்தஞ்சுக்கு நம்ம ஸ்டேஷன்ல நிப்பேன். இதே ஜன்னல் வழியா என் சாப்பாட்டு டப்பாவ நீட்டுங்க, சூடு ஆறாம இருக்கணும்.